மதிப்பெண் பெற்ற தளமும் மருந்தை நிறுத்திய நோயாளியும்

உடல்நலத் தகவல் தரும் இணையதளம் ஒன்றின் நம்பகத்தன்மையை எப்படி மதிப்பிடுவது? நூலக அறிவியல் வகுப்பிலும் இதழியல் வகுப்பிலும் மருத்துவக் கல்லூரியிலும் இதற்கு ஒரே விடை சொல்லித்தரப்படுகிறது. தளத்தின் முகவரி எப்படி முடிகிறது என்று பார். கட்டுரையாளரின் பெயரும் பட்டமும் உண்டா என்று பார். மேற்கோள் பட்டியல் உண்டா, கடைசியாகத் திருத்திய தேதி உண்டா, விளம்பரம் தனியே காட்டப்பட்டுள்ளதா, தரமுத்திரை உண்டா என்று பார். ஆறுக்கு ஐந்து தேறினால் தளம் நம்பத்தக்கது. பாடம் எளிது, தேர்வுத்தாளில் எழுதவும் வசதி. ஆனால் காய்ச்சலில் கிடக்கும் குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்து கைபேசியைப் பார்க்கும் தாய்க்கு இந்தப் பாடம் உதவாது. இந்தப் பட்டியல் அளக்கவேண்டியதை விட்டு வேறொன்றை அளக்கிறது. அளக்கும் வேலையைச் செய்துவிட்டதாகக் கல்வித்துறை நிறைவடைந்தும்விட்டது.

விக்ரோலியை எடுத்துக்கொள்ளலாம். மும்பையின் கிழக்குப் புறநகர். ஒருபுறம் தாணே கழிமுகத்தின் அலையாத்திக் காடு, மறுபுறம் பார்க் சைட் குன்றுச்சரிவு; இடையே கோத்ரெஜ் வளாகமும் கண்ணம்வார் நகர், தாகூர் நகர்க் குடியிருப்புகளும். இங்குள்ள ஒரு தமிழ்க் குடும்பத்தில் மருத்துவம் மூன்று நான்கு மொழிகளில் நடக்கிறது. மருத்துவமனைச் சீட்டு ஆங்கிலத்தில் இருக்கும். வாசலுக்கு வரும் மாநகராட்சிச் சுகாதாரத் தன்னார்வலர் மராத்தியிலோ இந்தியிலோ பேசுவார். பிள்ளைகள் எல்லாவற்றையும் கலந்து பேசுவார்கள். ஆனால் வீட்டிலுள்ள மூத்த பெண் இரவில் தனியே உட்கார்ந்து படிப்பதும் கேட்பதும் தமிழில்தான். அந்தத் தமிழ் மும்பையில் விளைவதன்று. சென்னையிலோ கோவையிலோ திருப்பூரிலோ பதிவேற்றப்பட்டு வருவது. ஆகவே தமிழ்நாட்டில் எவரோ உளறியது ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் விக்ரோலியில் ஒரு மாத்திரையை நிறுத்தவைக்க முடியும்.

அது வந்து சேரும் வடிவத்தையும் கவனிக்க வேண்டும். பெரும்பாலும் அது இணையதளமே அன்று. வாட்ஸ்அப்பில் மூன்றாம் கை மாறி வந்த குரல்பதிவு. தலையும் வாலும் வெட்டிய இரண்டு நிமிடக் காணொளி. யாரோ ஒருவர் படமெடுத்து அனுப்பிய செய்தித்தாள் துண்டு. அதற்கு முகவரி இல்லை, ஆசிரியர் இல்லை, தேதி இல்லை. ஆறு கேள்விகளில் ஒன்றைக்கூட அதனிடம் கேட்க முடியாது. தளம் என்ற ஒன்று இருப்பதாக எண்ணிக்கொண்டு எழுதப்பட்ட பட்டியல், தளமே இல்லாத வாசகர்மீது சுமத்தப்படுகிறது.

இந்தப் பட்டியல்களுக்கு ஒரு வரலாறு உண்டு. 1997இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழ் நான்கு அளவுகோல்களை முன்வைத்தது: ஆசிரியர் யார், ஆதாரம் எது, உரிமையாளரும் நிதியும் யாருடையவை, தேதி என்ன. அதற்கு முன்பே, 1995இல் ஜெனிவாவில் தொடங்கிய 'ஹெல்த் ஆன் தி நெட்' அறக்கட்டளை தளங்களுக்குத் தரமுத்திரை வழங்கும் நெறிமுறையை உருவாக்கியிருந்தது. 1999இல் 'டிஸ்ஸெர்ன்' என்னும் 16 கேள்விக் கருவி இங்கிலாந்தில் வந்தது. நேர்மையான நோக்கத்தோடு, இணையம் சிறியதாக இருந்த காலத்தில், ஆங்கிலத்தில் படிப்பவர்களுக்காகச் செய்யப்பட்டவை இவை. அவற்றைச் செய்தவர்கள்மீது குறை இல்லை. ஆனால் டிஸ்ஸெர்ன் கருவி, சிகிச்சைத் தெரிவுகளைப் பற்றிய ஒரு வெளியீடு எவ்வளவு முறையாக எழுதப்பட்டிருக்கிறது என்பதை அளக்கிறது. அதில் சொல்லப்பட்ட அறிவியல் உண்மையா என்பதை அளப்பது அதன் வேலை அன்று. நேர்த்தியாக எழுதப்பட்ட பொய்க்கு அதில் நல்ல மதிப்பெண் கிடைக்கலாம். ஜெனிவா அறக்கட்டளை 2022 டிசம்பரில் மூடப்பட்டது. முத்திரையைத் தேடு என்று சொல்லும் பழைய பாடக்குறிப்பு, முத்திரை குத்துபவர் கடையைக் கட்டிவிட்டுப் போன பிறகும் வகுப்பில் ஒலித்தால் அது கல்வி ஆகுமா?

பட்டியலின் ஒவ்வொரு வரியையும் உரசிப் பார்க்கலாம்.

முதல் வரி, முகவரி. அரசுத் தளமானால் நம்பலாம் என்பது விதி. 2020 ஜனவரி 29 அன்று, கொரோனா நோய்த்தொற்றைத் தடுக்க 'ஆர்செனிகம் ஆல்பம் 30' என்னும் ஓமியோபதி மருந்தை எடுத்துக்கொள்ளலாம் என்று ஒன்றிய ஆயுஷ் அமைச்சகம் அறிவுரை வெளியிட்டது. அந்தக் கிருமியைப் பற்றி உலகம் அறியத் தொடங்கிச் சில வாரங்களே ஆகியிருந்தன. அந்த மருந்து அதைத் தடுக்கும் என்று காட்டும் மனிதச் சோதனை எதுவும் அப்போது இருந்திருக்க வழியில்லை. ஆனால் அறிவுரைக்கு அரசு முகவரி இருந்தது, தேதி இருந்தது, வெளியிட்ட அமைச்சகத்தின் பெயர் இருந்தது. பட்டியல் அதற்கு முழு மதிப்பெண் தந்திருக்கும். அவ்வாண்டு மும்பையிலும் வேறு பல ஊர்களிலும் அந்த உருண்டைகள் பெருமளவில் வழங்கப்பட்டன.

இரண்டாம் வரி, பட்டம். மும்பைக் குடிசைப் பகுதியில் தொழில் செய்த தனியார் மருத்துவர்கள் நூறு பேரிடம் காசநோய்க்கு என்ன மருந்து எழுதுவீர்கள் என்று கேட்ட ஓர் ஆய்வு 1991இல் வெளியானது. கிடைத்தவை 80 வெவ்வேறு மருந்துமுறைகள். அதற்குச் சுமார் இருபது ஆண்டுகள் கழித்து, 2012 தொடக்கத்தில், கையிலிருந்த எந்த மருந்துக்கும் கட்டுப்படாத காசநோய் என்ற செய்தி மாஹிமிலுள்ள ஹிந்துஜா மருத்துவமனையிலிருந்து உலகெங்கும் போனது. தவறாக எழுதப்பட்ட மருந்தும் பாதியில் விட்ட மருந்தும் கிருமிக்கு எதிர்ப்பாற்றல் கற்பிக்கும் பள்ளிகள். மருத்துவர் என்ற பெயர் வேண்டியதுதான். அது மட்டும் போதும் என்பதுதான் தவறு.

மூன்றாம் வரி, மேற்கோள். தட்டம்மை, புட்டாளம்மை, ரூபெல்லா தடுப்பூசியை மதியிறுக்கத்தோடு (ஆட்டிசம்) தொடர்புபடுத்திய ஆண்ட்ரூ வேக்ஃபீல்டின் கட்டுரை 1998இல் 'லான்செட்' இதழில் வந்தது. திரும்பப் பெறப்பட்டது 2010இல். இடைப்பட்ட 12 ஆண்டுகளில் அதை அடிக்குறிப்பில் காட்டிய எந்தத் தளமும் மேற்கோள் உண்டா என்ற கேள்விக்கு உண்டு என்று நிமிர்ந்து பதில் சொல்லியிருக்கும்.

நான்காம் வரி, சான்றிதழ். 2021 பிப்ரவரி 19 அன்று பதஞ்சலி நிறுவனம் தன் 'கொரோனில்' மருந்தை, அப்போதைய ஒன்றியச் சுகாதார அமைச்சர் மேடையில் இருக்க, மீண்டும் அறிமுகம் செய்தது. உலகச் சுகாதார அமைப்பின் திட்டப்படி சான்றிதழ் பெற்றது என்ற பேச்சு பரவியது. கொரோனாவுக்கான எந்த மரபுமருந்தின் பயனையும் தான் ஆராயவுமில்லை, சான்றளிக்கவுமில்லை என்று அந்த அமைப்பு பொதுவெளியில் அறிவிக்க நேர்ந்தது. ஒரு மருந்து தூய்மையான முறையில் தயாராகிறது என்ற சான்று வேறு. அது நோயைத் தீர்க்கும் என்ற சான்று வேறு. சமையலறை சுத்தம் என்ற சீட்டைக் காட்டி இந்தச் சோறு நீரிழிவைப் போக்கும் என்று சொல்வதற்கு ஒப்பானது அது. பட்டியலோ முத்திரை உண்டா என்று மட்டும் கேட்கிறது. எதற்கான முத்திரை என்று கேட்பதில்லை.

இவையெல்லாம் படிக்காதவர்கள் விழும் குழிகள் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ ஆகிய இருவரும் 2017இல் வெளியிட்ட ஆய்வில் 45 பேர் பங்கேற்றனர்: முனைவர் பட்டம் பெற்ற வரலாற்றாசிரியர்கள் 10, தொழில்முறைச் செய்திச் சரிபார்ப்பாளர்கள் 10, அப்பல்கலைக்கழக மாணவர்கள் 25. பல பத்தாயிரம் உறுப்பினர்களைக் கொண்ட குழந்தைநல மருத்துவர் சங்கத்தின் பக்கம் ஒன்றும், அதிலிருந்து கருத்துவேறுபாட்டால் பிரிந்த, மிகச் சிறிய ஒரு குழுவின் பக்கம் ஒன்றும் அவர்கள்முன் வைக்கப்பட்டன. இரண்டின் பெயரும் ஏறக்குறைய ஒன்று. இரண்டுக்கும் மேற்கோள் உண்டு, பட்டம் உண்டு, அழகிய முகப்பு உண்டு. மாணவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் சிறு குழுவின் பக்கத்தையே அதிகம் நம்பினர். முனைவர்களில் சிலரும் தடுமாறினர். சரிபார்ப்பாளர்கள் மட்டும் தடுமாறவில்லை. அவர்கள் பக்கத்தை ஊன்றிப் படிக்கவில்லை. சில நொடிகளில் அதைவிட்டு வெளியேறி, இந்த அமைப்பைப் பற்றிப் பிறர் என்ன சொல்கிறார்கள் என்று தேடினர். ஒருவரைப் பற்றி அறிய அவரிடமே நற்சான்று கேட்பது விவேகமன்று. ஊரில் நாலு பேரிடம் விசாரிக்க வேண்டும். பெண் கொடுக்கும்போதும் பெண் எடுக்கும்போதும் தமிழ்க் குடும்பங்கள் தவறாமல் செய்யும் வேலைதான் இது.

இந்த ஆய்வைப் படித்த நம்மூர்க் கல்வித்துறை என்ன செய்யும் என்பதை ஊகிக்க முடியும். பழைய பட்டியலை நீக்கிவிட்டு, பக்கத்தைவிட்டு வெளியேறு என்ற புதிய பட்டியலைப் பாடத்திட்டத்தில் சேர்க்கும். அங்கேதான் இரண்டாவது, இன்னும் பெரிய பிழை காத்திருக்கிறது. ஆங்கிலத்தில் ஒருவர் பக்கத்தைவிட்டு வெளியேறினால் அவரை ஏற்றுக்கொள்ளப் பிரித்தானியத் தேசியச் சுகாதாரச் சேவையின் பக்கம் இருக்கிறது, மேயோ மருத்துவமனையின் பக்கம் இருக்கிறது, எதிரெதிர்க் கருத்துகளை எடைபோடும் இதழ்கள் இருக்கின்றன. விக்ரோலிப் பெண் ஒரு தமிழ்ப் பக்கத்தைவிட்டு வெளியேறினால் எங்கே போய்ச் சேர்வாள்? பெரும்பாலும் அதே சரக்கை வரி மாறாமல் நகலெடுத்த இன்னொரு பக்கத்தில். நாலு பேரிடம் விசாரித்தால் நாலு பேரும் ஒரே வாயால் பேசுகிறார்கள். ஒரே பொய்யின் நான்கு நகல்கள் நான்கு சாட்சிகளாகத் தோன்றுகின்றன.

நம்பகத்தன்மை ஒரு பக்கத்தின் குணம் அன்று. வாசகரின் தனித்திறன் மட்டுமும் அன்று. ஒரு கூற்றைச் சுற்றி, அதோடு ஆதாயத் தொடர்பில்லாத, அதே மொழியில் பேசும், தவறினால் பதில் சொல்லக்கூடிய பிற குரல்கள் இருந்தால்தான் அதை மதிப்பிடவே முடியும். அந்தக் குரல்களைத் தமிழில் உண்டாக்காமல், வாசகருக்கு மட்டும் மதிப்பிடக் கற்றுத்தருவது, கிணறு வெட்டாத ஊரில் நீச்சல் வகுப்பு நடத்துவது போன்றது.

இது உயிர்க்கணக்கு என்பதற்குச் சான்று தொலைவில் இல்லை. 2018 ஜூலையில் திருப்பூரில், வீட்டிலேயே பிள்ளை பெற முயன்ற இளம் ஆசிரியை ஒருவர் குருதிப்போக்கால் இறந்தார். காணொளிகளைப் பார்த்து அம்முயற்சியில் இறங்கியதாக அன்றைய செய்திகள் சொல்லின. அடுத்த மாதமே, வீட்டுப் பிரசவப் பயிற்சி அளிப்பதாக விளம்பரம் செய்த ஹீலர் பாஸ்கர் கோவையில் கைதானார். செய்தி வந்த நாள்களில் படித்தவர்கள் பலர் சொன்ன தீர்ப்பு ஒன்றே: எல்லாம் அறியாமை. இறந்தவர் ஓர் ஆசிரியை. அவருக்கு எழுத்தறிவு இல்லையா? வீட்டுப் பிரசவத்தைப் புகழ்ந்து தமிழில் உருக்கமாகப் பேசிய குரல்களுக்கு எதிரே, பிரசவத்திற்குப் பிந்திய குருதிப்போக்கு எவ்வளவு விரைவில் உயிரைப் பறிக்கும் என்பதை அதே உருக்கத்தோடு, அதே எளிமையோடு விளக்கிய தமிழ்க் குரல்கள் எத்தனை இருந்தன என்று கேட்டவர் குறைவு.

இத்தனைக்கும் தமிழுக்கு இது புதிய வேலை அன்று. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன், மானிப்பாயில் மாணவர்களுக்கு மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். கலைச்சொல் ஆக்கினார், உடற்கூறு, அறுவை மருத்துவம், மருந்தியல் நூல்களைத் தமிழாக்கினார், மேற்பார்த்தார். மான்செலின் பேறுகால மருத்துவ நூல் 1857இல் தமிழில் வந்துவிட்டது. அச்சகமும் அகராதியும் அரிதாயிருந்த காலத்தில் அது முடிந்தது. ஒன்றரை நூற்றாண்டு கழித்து, இத்தனை பல்கலைக்கழகங்களும் மருத்துவக் கல்லூரிகளும் இருக்க, தமிழில் பிள்ளைப்பேற்றைப் பற்றிப் பேசும் பெருங்குரலைக் காணொளி வணிகர்களிடம் விட்டுவிட்டது யார் குற்றம்?

வாசகரைக் குற்றவாளியாக்கும் பழக்கம் தடுப்பூசி விவாதத்திலும் தொடர்கிறது. 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி இயக்கம் தொடங்கியபோது வாட்ஸ்அப் வதந்திகள் பெற்றோரை அலைக்கழித்தன. இயக்கத்தின் காலத்தை நீட்டிக்க வேண்டியதாயிற்று. 2022 அக்டோபர் இறுதியில், விக்ரோலியிலிருந்து சில கிலோமீட்டரே தள்ளியுள்ள கோவண்டியில் குழந்தைகள் தட்டம்மைக்குப் பலியாகத் தொடங்கினர். நவம்பரில் ஒன்றிய அரசு நிபுணர் குழுவை மும்பைக்கு அனுப்பியது. அங்கே தயக்கமும் வதந்தியும் இருந்தன என்பது உண்மை. கொரோனாக் காலத்தில் வழக்கமான தடுப்பூசிப் பணி தடைப்பட்டதும், நெருக்கடியான குடியிருப்புகளில் அன்றாடக் கூலியை இழந்து ஊசிக்கு வரிசையில் நிற்க வேண்டியிருந்ததும் உண்மை. ஊடகக் கல்வியறிவு இல்லை என்ற ஒரே சொல்லால் இவை அத்தனையையும் மூடிவிடுவது ஆய்வாகாது. அது பொறுப்பைக் கைகழுவுவது.

அப்படியானால் வாசகர் கேட்கக்கூடிய கேள்வியே இல்லையா? உண்டு. மூன்று போதும், தளத்தை அல்ல, கூற்றை நோக்கிக் கேட்பவை.

ஒன்று: இது எதை நிறுத்தச் சொல்கிறது? இஞ்சிச்சாறு குடி என்று சொல்வதும் இன்சுலினை நிறுத்து என்று சொல்வதும் ஒரே எடையுள்ள தவறுகள் அல்ல. மாத்திரையை விடு, ஊசி போடாதே, மருத்துவமனைக்குப் போகாதே என்று சொல்லும் எதுவும், யார் சொன்னாலும், எத்தனை மேற்கோளோடு சொன்னாலும், நேரில் ஒரு மருத்துவரைக் கேட்கும்வரை கிடப்பில் வைக்கத்தக்கது.

இரண்டு: இது எதைத் தீர்ப்பதாகச் சொல்கிறது? 1954ஆம் ஆண்டின் மருந்து, மாய மருந்துகள் விளம்பரச் சட்டம் நீரிழிவு, புற்றுநோய் உள்ளிட்ட 54 நோய்களையும் நிலைகளையும் பட்டியலிட்டு, அவற்றைத் தீர்ப்பதாக மருந்து விளம்பரம் செய்வதைத் தடைசெய்கிறது. அந்தப் பட்டியல் வாசகர் கையிலுள்ள ஆயுதம். சர்க்கரை நோயை வேரோடு அறுக்கும் மருந்தை விற்கும் தளத்தின் தரத்தை ஆராய வேண்டியதில்லை. அந்த ஒரு விளம்பர வரியே சட்டமீறல்.

மூன்று: தவறினால் யார் பதில் சொல்வார்? அரசு மருத்துவமனையில் ஒரு தாய் இறந்தால் அந்த மரணத்தை ஆராயும் நடைமுறை உண்டு. தடுப்பூசிக்குப் பின் தீங்கு நேர்ந்தால் அதைப் பதிந்து விசாரிக்கும் குழுக்கள் உண்டு. அவை எப்போதும் சரிவர இயங்குவதாகச் சொல்ல முடியாது. ஆனால் கதவைத் தட்ட ஒரு கதவாவது இருக்கிறது. காணொளி பேசியவருக்குக் கதவே இல்லை. பதிவை நீக்கிவிட்டு மறுநாள் வேறு பெயரில் வருவார்.

இக்கேள்விகள் சித்த மருத்துவத்தையோ ஆயுர்வேதத்தையோ ஒட்டுமொத்தமாகத் தள்ளுகின்றன என்று சிலர் சினக்கலாம். அப்படி அல்ல. எந்தத் துறை என்று கேட்காமல் என்ன கூற்று என்று கேட்பதே இவற்றின் நேர்மை. ஆயுஷ் அமைச்சகத்தின் அறிவுரையை உரசும் அதே கல்லில்தான் லான்செட் கட்டுரையும் உரசப்படுகிறது.

கல்வித்துறைக்கும் சில கேள்விகள் உண்டு. இணையதளங்களை டிஸ்ஸெர்ன் மதிப்பெண்ணால் வரிசைப்படுத்தும் கட்டுரைகள் ஆண்டுதோறும் பெருகுகின்றன. நூறு தளம் எடு, இருவர் மதிப்பெண் போடு, சராசரி எடு, தரம் குறைவு என்று முடி. கட்டுரையாளருக்குப் பதவி உயர்வுப் புள்ளி ஒன்று கூடுகிறது. தரம் குறைந்த அந்த நூறு பக்கங்களும் அடுத்த நாளும் அங்கேயே இருக்கின்றன. தமிழ்ப் பக்கங்களைக் குறைகூறும் ஒவ்வோர் ஆய்வேடும், குறைபட்ட பொருளைப் பற்றிச் சரியான தமிழ்ப் பக்கம் ஒன்றையேனும் பின்னிணைப்பாகத் தரவேண்டும் என்று ஒரு பல்கலைக்கழகம் விதி செய்தால் என்ன? அந்தப் பக்கத்தின்கீழ், பெயரும் துறையும் கேள்வி கேட்கத் தொலைபேசி எண்ணும் இருந்தால் என்ன? பெருநகர மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது; தமிழும் அவற்றுள் ஒன்று. தமிழில் பாடம் சொல்லித்தரத் தெரிந்த மாநகராட்சியின் சுகாதாரத் துறையோடு, மும்பையில் தமிழ் கற்பிப்போரும் கற்போரும் சேர்ந்து, தடுப்பூசி அட்டையையும் காசநோய் மருந்துக் குறிப்பையும் வாசலுக்கு வரும் தன்னார்வலர் கையில் தமிழிலும் கொடுத்தனுப்பினால் என்ன?

இவை பெருங்கனவுகள் அல்ல. ஒரு துறையும் ஒரு பருவமும் போதுமான வேலைகள். அவற்றைச் செய்யாதவரை, விக்ரோலிப் பெண்ணுக்கு நல்ல தளத்தை அடையாளம் காணத் தெரியவில்லை என்று கருத்தரங்கில் கட்டுரை படிக்கும் தகுதி எவருக்கும் இல்லை. அவள் தேடியது தமிழில். அவளுக்குக் கிடைத்ததும் தமிழில். கிடைத்தது பொய்யாயிருந்தால், உண்மையைத் தமிழில் எழுதத் தெரிந்தும் எழுதாதவர்கள்தான் முதலில் விடை சொல்ல வேண்டும்.